கலக்காமல் தெளியுமா

"எல்லா மெஷினுக்கும் பொட்டு வெச்சீங்களே கண்ணப்பன், என் தொட்டி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஐயோ மேடம், நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. எதுனா தப்பா நெனைச்சிக்கப் போறீங்கன்னு உங்க ரூமு பக்கமே வரல."

"நான் சர்ச்சுக்குப் போறேன். தொட்டி போகலியே."

இது எண்பத்தேழாம் வருஷம், ஆயுத பூஜைக்கு மறுநாள் நடந்த பேச்சு. படப்பையிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் ராஜாமணி என்பவர் ஒரு சின்ன ரசாயனக் கம்பெனி நடத்திவந்தார். கண்ணப்பன் அங்கே எலெக்ட்ரீஷியன், வடக்குப்பட்டுக்காரன். அன்னபுஷ்பம் கெமிஸ்ட். ஷெட்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் அவளுடைய ஆய்வுக்கூடம். அதில் ஒரு கண்ணாடித் தொட்டி, தொட்டி நிறைய வெதுவெதுப்பான தண்ணீர், அந்தச் சூடு ஏறாமலும் இறங்காமலும் பார்த்துக்கொள்ள ஒரு ஹீட்டர். அதைத்தான் 'என் தொட்டி' என்றாள்.

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவனால் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. கம்ப்ரஸரிலிருந்து எடை மெஷின் வரைக்கும், தன் சைக்கிளுக்குக்கூடப் பொட்டு வைத்தவனுக்கு, ஒரு மனுஷியின் அறையை மட்டும் விட்டுவிட்டோமே என்று வருஷம் முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த வருஷம் வந்த வினை அந்த உறுத்தலில் வந்ததுதான்.

அந்தத் தொட்டியில் அவள் என்னதான் செய்கிறாள் என்பது கம்பெனியில் பலருக்கும் புரியாத சங்கதி. டீ கொண்டு வருகிற கோவிந்தம்மா ஒருத்திதான் வெட்கப்படாமல் கேட்டாள். வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் எல்லாரும் அவளுக்கு டாக்டர்.

"டாக்டரம்மா, இந்த பாட்டில்ல இன்னாதான் காச்சறே? நானும் பாத்துகினே கீறேன், தண்ணி மாதிரிதான் கீது."

"தண்ணி மாதிரி இருக்கணும்னுதான் பாடுபடறேன் கோவிந்தம்மா. இதுல முக்கால்வாசி எண்ணெய். பெட்ரோல் மாதிரி ஒரு எண்ணெய். அதுக்குள்ளதான் தண்ணி இருக்கு."

"எண்ணெயில தண்ணி வுட்டா தனியா நிக்குமே."

"நிக்கும். நடுவுல சோப்பு மாதிரி ஒரு மருந்து போட்டா, அது ஒரு கையால எண்ணெயைப் புடிச்சுக்கும், இன்னொரு கையால தண்ணியைப் புடிச்சுக்கும். தண்ணி பொடிப்பொடித் துளியா ஒடைஞ்சு எண்ணெய்க்குள்ள நின்னுடும். வெளிச்சத்துக்கே தட்டுப்படாத அளவு பொடி. அதனாலதான் இவ்ளோ தெளிவா இருக்கு."

"கண்ணுக்குத் தெரியாத துளிய வெச்சிகினு இன்னா பண்ணுவே?"

"ஒவ்வொரு துளியும் ஒரு ரூம் மாதிரி. அந்தத் தண்ணியில பிளாட்டினம் உப்பு கரைஞ்சிருக்கு. மேல இன்னொரு மருந்தை ஊத்தினா அந்த உப்பு ரூமுக்குள்ளயே பிளாட்டினமா மாறும். ரூமை மீறி எப்படி வளரும்? எல்லா ரூமும் ஒரே அளவுன்னா எல்லாப் பொடியும் ஒரே அளவு, ஒரே உருண்டை. தண்ணியைக் கூட்டினா ரூம் பெருசாகும், கொறைச்சா சின்னதாகும். நமக்கு வேணுங்கற அளவுல கட்டிக்கலாம்."

"கட்டி?"

"மாத்திரை செய்யற கம்பெனிக்குக் குடுப்போம். அவங்க கொதிகலன்ல இந்தப் பொடி ஒரு சிட்டிகை இருந்தா வேலை சுருக்கா நடக்கும். பொடி சின்னதா, ஒரே மாதிரி இருந்தாத்தான்."

கண்ணப்பன் அப்போது வாசலருகே ஸ்டூலின் மேல் நின்று டியூப் லைட் மாற்றிக்கொண்டிருந்தான். அந்த அறையின் டியூப் லைட் கெட்டுப்போகிற மாதிரி அந்தக் கம்பெனியில் வேறெந்த டியூப் லைட்டும் கெட்டுப்போனதில்லை.

"அப்போ எண்ணெ வேற ஜாதி, தண்ணி வேற ஜாதி. நடுவுல ஒரு சோப்பு இல்லாட்டி சேராதுன்றே," என்ற கோவிந்தம்மா ஸ்டூலை ஒரு பார்வை பார்த்தாள். "இங்க அந்த சோப்பு வேலைக்கு ஆளு வேணும்னா சொல்லு டாக்டரம்மா. எனக்கும் டீ ஊத்தி ஊத்திக் கை வலிக்குது."

"கோவிந்தம்மா!"

"நான் பாட்டில் விஷயத்தச் சொன்னேன். மேல நிக்கறவரு இன்னாத்துக்கு இருமறாரு?"

அன்னபுஷ்பத்துக்கு முப்பத்து நாலு வயது. அப்பா எப்போதோ போய்விட்டார். அம்மாவைப் படப்பைக் கல்லறையில் வைத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அண்ணன் ஜெபதாஸ் நாக்பூரில் ரயில்வேயில் இருந்தான். வெளிநாட்டில் யாரோ ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் இந்த முறையில் பிளாட்டினப் பொடி செய்து எழுதியிருந்ததை மெட்ராஸ் லைப்ரரியில் படித்துவிட்டு வந்து, ராஜாமணியைச் சம்மதிக்க வைத்து, அந்த அறையை வாங்கியவள் அவள்தான். இதுவரை அனுப்பிய மாதிரிகள் எதுவும் தேறவில்லை. மெட்ராஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் படம் எடுத்தால், பொடி ஒன்று கடுகு மாதிரி, ஒன்று கொட்டைப்பாக்கு மாதிரி இருந்தது.

எண்பத்தெட்டு புரட்டாசியில் ராஜாமணி அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அன்னம், சுத்தி வளைக்காம சொல்லிடறேம்மா. கையில இருக்கிற பிளாட்டினம் உப்புதான் கடைசி. இனிமே வாங்கறதுக்கு எனக்குத் தெம்பில்ல. என் மச்சான் வேற அந்த ரூமைக் காலி பண்ணிக் குடு, டிரம் அடுக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான்."

"இந்தத் தடவையும் வரலேன்னா சார்?"

"டிரம் வந்துடும்மா."

அண்ணனும் அதையேதான் வேறு விதமாகச் சொல்லியிருந்தான். "தனியா அந்த வீட்டுல எதைக் காத்துக்கிட்டு உக்காந்திருக்கே? இங்க மிஷன் ஸ்கூல்ல வேலை சொல்லி வெச்சிருக்கேன். அந்த ரூமை மூடினா அடுத்த ரயில்ல ஏறணும். சரியா?" அவளும் சரி என்றுதான் சொல்லியிருந்தாள். அறை இருக்கிறவரை இந்த ஊர். அறை போனால் நாக்பூர்.

செய்தி கோவிந்தம்மா வழியாகக் கண்ணப்பனுக்கு வந்தது.

"நாக்பூர் எங்க கீதுக்கா?"

"ஆரஞ்சுப் பழம் வர்ற ஊரு. ரயில்ல ஏறினா தூங்கி முழிச்சி மறுபடி தூங்கணுமாம். ஏன், நீயும் போறியா?"

"சும்மா கேட்டேன்."

"சும்மாதான் கேப்பே நீ. கேக்க வேண்டிய எடத்துல வாயைத் தொறக்காதே."

அந்த வருஷம் ஆயுத பூஜை அன்று காலையிலேயே அன்னபுஷ்பம் வந்து கடைசி உப்பு முழுவதையும் கரைத்தாள். தண்ணீரை முன்னைவிடக் குறைத்தாள், தொட்டியின் சூட்டை ஒரு படி ஏற்றினாள். எண்ணெய், தண்ணீர், சோப்பு மருந்து மூன்றும் சேர்ந்த குடுவையில் மோட்டார் வைத்துக் கலக்கினாள். இளமஞ்சளாக, சாறு வடிகட்டின மாதிரி தெளிந்து நின்றது. அதை அப்படியே தொட்டிக்குள் நிறுத்தினாள். விடிந்தால் விஜயதசமி. அதுவரை கலங்காமல் நின்றால் மற்ற மருந்தை ஊற்றிப் பிளாட்டினமாக்கி, முதலாளியின் காரிலேயே மெட்ராஸுக்கு அனுப்பிவிடலாம்.

வெளியே வாழைக்கன்று கட்டியாகிவிட்டது. ராஜாமணி நடு ஷெட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தார்: "எல்லாத்தையும் நிறுத்துங்கப்பா! பூஜை முடிஞ்சு நாளைக்குக் காலையில நான் வந்து ஸ்விட்ச் போடற வரைக்கும் ஒரு மெஷின்கூட ஓடக்கூடாது!"

கண்ணப்பன் சந்தனக் கிண்ணத்தோடு அவள் வாசலில் வந்து நின்றான்.

"மேடம், உங்க வேலை முடிஞ்சுதா? இந்த வருஷம் உங்க தொட்டிக்கும் பொட்டு உண்டு."

"தாராளமா வைங்க." அவள் முகம் மலர்ந்தது. "என் வேலை முடிஞ்சுது. குடுவையை உள்ள வெச்சுட்டேன். இனி நாளைக்குக் காலையில வரைக்கும் அது சும்மா இருக்கட்டும். யாரும் தொட வேணாம்."

"சும்மா இருக்கட்டும். செரி மேடம். நான் பாத்துக்கறேன்."

பொரி கடலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அவள் படப்பை பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

மறுநாள் காலை அறையைத் திறந்தவுடன் சந்தன வாசனை. தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் நல்ல வட்டமான சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். அழகாகத்தான் இருந்தது. ஆனால் தொட்டியின் சிவப்பு விளக்கு எரியவில்லை. தண்ணீருக்குள் விரலை விட்டாள். குளிர்ந்து போயிருந்தது.

குடுவைக்குள் மோர்.

கண்ணப்பன் பின்னாலேயே வந்தான். புதுச் சட்டை. கையில் எலுமிச்சம்பழம்.

"பாத்தீங்களா மேடம்? நேத்து உங்க தொட்டிக்கும் ரெஸ்ட்டு குடுத்துட்டேன். பிளாஸ்க்கைத் தொடவே இல்ல. நீங்க தொடக் கூடாதுன்னீங்க, தொட்டிக்கு மட்டும்தான் பொட்டு."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் வாயில் வந்த சொல் வந்த வழியே போய்விட்டது.

"நல்லா வெச்சிருக்கீங்க," என்றாள்.

"இன்னா மேடம், கண்ணு கலங்கிகினு கீது?"

"கண்ணு இல்ல கண்ணப்பன். குடுவையைப் பாருங்க."

பார்த்தான். எலுமிச்சம்பழம் கையிலிருந்து உருண்டு மேஜைக்கடியில் ஓடிவிட்டது.

"ஐயோ. நேத்து தண்ணி மாதிரி இருந்துதே!"

"சூடு கொறைஞ்சா கலங்கிடும். கரண்ட் போனாக்கூட ஓடிப் போய் ஜெனரேட்டர் போடுவீங்களே, உங்களுக்குத் தெரியாதா?"

"அது வேலை நடக்க சொல்லோ மேடம். நேத்து நீங்கதானே வேலை முடிஞ்சுது, சும்மா இருக்கட்டும்னீங்க?"

"சும்மான்னா... அசைக்காம, அது பாட்டுக்கு."

"எங்க ஊர்ல சும்மான்னா ஆஃப்பு மேடம்."

அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு சேர்ந்து கண்ணும் இப்போது உண்மையிலேயே கலங்கியது.

"கடைசி உப்பு இல்ல அது?" அவன் குரல் இறங்கியது. "இது போச்சின்னா நீங்க... நான் போயி மொதலாளி கிட்ட சொல்றேன். என் தப்புன்னு சொல்லிடறேன்."

"முதல்ல ஸ்விட்சைப் போடுங்க."

ஓடிப்போய்ப் போட்டான். சிவப்பு விளக்கு எரிந்தது. திரும்பி வந்தவன் குடுவையின் கழுத்தைப் பிடிக்கக் கை நீட்டினான்.

"நல்லா ரெண்டு குலுக்கு குலுக்கினா?"

"வேணாம்! கலக்கக் கூடாது. கையை எடுங்க."

அவன் கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தி, ஏதோ குடும்ப விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"நேத்து நான் மோட்டார் போட்டுத்தான் இதைக் கலக்கினேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். துளியெல்லாம் பொடியானது மோட்டாரோட பலத்தாலயா, இல்ல அதுங்களா விரும்பி ஆனதான்னு எனக்கு நிச்சயமா தெரியாது. அடிச்சுப் பொடியாக்கினதுன்னா, அது கொஞ்ச நேரம் தெளிவா இருக்கற மாதிரி நடிக்கும். உள்ள ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசாத்தான் இருக்கும்."

"கடுகு, கொட்டைப்பாக்கு."

"ஆமா. ஆனா நெஜமாவே சேர்ந்ததுன்னா, சூடு திரும்பி வந்தாப் போதும். யாரும் கை வைக்காமலே மறுபடி தெளியணும். இதை ஆற வெச்சுப் பாக்கணும்னு எத்தனையோ நாள் நெனைச்சிருக்கேன். தைரியம் வரல. தெளியாமப் போனா இவ்வளவு நாள் செஞ்சதெல்லாம் பொய்யாயிடுமே."

"நான் பாக்க வெச்சிட்டேன்."

"வெச்சுட்டீங்க."

ராஜாமணி வந்தார். பட்டை விபூதியோடு, எல்லா ஸ்விட்சையும் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு மெஷினாக ஓடவைத்துக்கொண்டு வந்தவர், அந்த அறை வாசலில் நின்றுவிட்டார்.

"என்னம்மா இது, மோர்க்குழம்பா?"

"என் தப்புதான் மொதலாளி!" கண்ணப்பன் முந்திக்கொண்டான். "நான்தான் தொட்டிய அணைச்சேன். மேடம் மேல தப்பில்ல. என்னை வேணா வேலைய வுட்டு நிறுத்திடுங்க."

"அடப்பாவி, எதுக்குடா அணைச்சே?"

"ஒரு மெஷின்கூட ஓடக்கூடாதுன்னீங்க."

ராஜாமணி ஒரு எட்டு உள்ளே வந்தார். பொட்டைப் பார்த்தார். குடுவையைப் பார்த்தார். "சாமிக்குச் செஞ்சதை நான் எப்படிடா திட்டறது? அதுவும் நான் சொல்லிச் செஞ்சதை." அவளிடம் திரும்பினார். "சரிம்மா, ஆனது ஆச்சு. மோட்டாரைப் போட்டு ஒரு கலக்கு கலக்கு. மருந்தை ஊத்திக் குடு. கார் நிக்குது, மெட்ராஸ்ல அந்த மைக்ராஸ்கோப் ஆளு காத்துக்கிட்டிருப்பார்."

"கலக்க மாட்டேன் சார்."

"என்னது?"

"கலக்கினா இப்போ தெளிஞ்சுடும். ஆனா அது நெஜமா நடிப்பான்னு தெரியாது. நடிப்பாயிருந்தா படத்துல மறுபடி அதே கடுகும் கொட்டைப்பாக்கும்தான் வரும். தானா தெளியுதான்னு பாத்துட்டுத்தான் மருந்து ஊத்துவேன்."

"தெளியலேன்னா?"

"உப்பைத் திருப்பி எடுத்துக் குடுத்துடறேன். ரூம் சாவியையும் குடுத்துடறேன்."

ராஜாமணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வெளியே பார்த்து, "டிரைவரை டீ குடிக்கச் சொல்லு," என்றார். வாசலில் கிடந்த காலி டிரம்மின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

தொட்டித் தண்ணீரின் சூடு மெள்ள மெள்ள ஏறியது. மோர் மோராகவே இருந்தது. கோவிந்தம்மா டீயோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா டாக்டரம்மா, பாலு திரிஞ்சிடுச்சா?"

"பேசாம இரு கோவிந்தம்மா," என்றார் ராஜாமணி.

"நான் இன்னா சொல்லிட்டேன்? எங்க வூட்ல திரிஞ்சா சக்கரைய போட்டுக் கிண்டுவேன்."

"இங்க கிண்டக் கூடாதாம்."

"அப்போ இன்னாதான் பண்ணுவாங்கோ?"

"சும்மா இருப்பாங்களாம்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கண்ணப்பன் சிரிக்கவில்லை. குடுவையின் இந்தப்பக்கம் குந்தி, அதன் வழியாகப் பின் கண்ணாடியையே முறைத்துக்கொண்டிருந்தான்.

"மேடம்."

"ம்?"

"பொட்டு தெரியுது."

அவள் அவன் பக்கத்தில் வந்து குனிந்தாள். மோருக்கு அந்தப்புறம், பனியில் தெரிகிற விளக்கு மாதிரி, ஒரு சிவப்பு. கொஞ்ச நேரத்தில் குங்குமத்தைச் சுற்றிச் சந்தன வட்டமும் வந்தது. யாரும் தொடவில்லை. குடுவைக்குள் எதுவும் அசையவும் இல்லை. பொட்டு மட்டும் கிட்ட கிட்ட வருவதுபோல இருந்தது. கடைசியில் சந்தனத்தில் பதிந்திருந்த அவன் விரல் ரேகைகூடத் தெரிந்தது.

"தெளிஞ்சிடுச்சி!" ராஜாமணி டிரம்மை விட்டு எழுந்துவிட்டார். "ஊத்தும்மா மருந்தை!"

"இன்னும் இல்ல சார். அடியில பாருங்க."

குடுவையின் அடியில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு சொட்டு, மற்றதைவிட நல்ல மஞ்சளாக, தனியாக உட்கார்ந்திருந்தது. இரவில் பிரிந்து இறங்கிய தண்ணீர். உப்பு அதில்தான் அதிகம்.

"அவ்ளோதானேம்மா? அதை மட்டும் ஒரு ஆட்டு ஆட்டி..."

"அதுவும் தானா உள்ள போகணும் சார்."

ராஜாமணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உன் புருஷனா வரப்போறவன் பாவம்," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். கோவிந்தம்மாவும், போகிறபோது கதவை வேண்டுமென்றே அகலத் திறந்துவைத்துவிட்டு, டம்ளர்களோடு போனாள்.

இரண்டு பேரும் குடுவைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஷெட்டில் கம்ப்ரஸர் ஓடுகிற சத்தம் மட்டும்.

"நாக்பூர்ல குளுருமா மேடம்?"

"வெயில்தான். நம்ம ஊர் வெயிலெல்லாம் தூசுன்னு அண்ணன் சொல்வார்."

"அங்க கரண்டு போவுமா?"

"எங்கதான் போகல?"

"ஜெனரேட்டர் போட ஆளு கீறாங்களா?"

அவள் குடுவையைப் பார்த்தபடியே சொன்னாள். "ஸ்கூல்ல இந்த மாதிரித் தொட்டியெல்லாம் இருக்காது கண்ணப்பன். கரண்ட் போனா போகட்டும்னு விட்டுடலாம்."

அவன் மேஜைக்கடியிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"நேத்து எல்லாத்தையும் அணைச்சிட்டு வந்தேனா... ஷெட்டே அமைதியாயிடுச்சி. உங்க தொட்டி மட்டும் உள்ளாற தனியா ஓடிகினு இருந்துது. எல்லாருக்கும் லீவு, இது மட்டும் யாரும் இல்லாத மாதிரி நின்னுகினு கீதேன்னு ஒரு மாதிரியாப் பூடுச்சி. அதான் அணைச்சேன்."

அவள் திரும்பினாள்.

"எங்கம்மா போனதுக்கப்புறம் என்னைப் பத்தி யாரும் அப்படி யோசிச்சதில்ல."

"நான் தொட்டியச் சொன்னேன் மேடம்."

"தெரியும்."

"உங்களையும்தான் யோசிப்பேன்," என்றான், தரையைப் பார்த்து. "சொன்னா நல்லாருக்காதேன்னு சொல்றதில்ல."

"டியூப் லைட்டைப் போட்டுப் போட்டு மாத்துவீங்க."

"அதுல ரெண்டு மூணு நெஜமாவே கெட்டுப்போச்சி மேடம்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் நிமிர்ந்து, அவள் சிரிப்பதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவளும் வேறு பக்கம் பார்க்கவில்லை. பிறகு திடுக்கிட்டாற்போல இரண்டு பேரும் ஒரே சமயத்தில் குடுவைப் பக்கம் திரும்பினார்கள்.

"எங்க அது?"

அடியில் ஒன்றும் இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே இளமஞ்சள்.

"எப்போ போச்சு? நீங்க பாத்தீங்களா கண்ணப்பன்?"

"நான்... இல்ல மேடம். நீங்க?"

"நானும் பாக்கல."

அவள் கண்ணாடியோடு நெற்றியை வைத்து அந்த மஞ்சளையே பார்த்தாள். "தானாவே போயிருக்கு," என்றாள் மெதுவாக. "நெஜமாத்தான் சேர்ந்திருக்கு."

மருந்து ஊற்றுகிறபோது அவனை வெளியே போகச் சொன்னாள். அதன் ஆவி ஆகாது. அவன் ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தான். மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பாகி, கெட்டியான டிக்காக்ஷன் நிறத்துக்கு வந்தது. அடியில் எதுவும் படியவில்லை. ராஜாமணி சாப்பிட்ட கையோடு அதை மடியில் வைத்துக்கொண்டு மெட்ராஸ் போனார்.

படம் வருவதற்குள் தீபாவளி போய், மழை பிடித்துக்கொண்டது. ஒரகடம் ரோட்டில் பஸ் நிற்கிற இடமெல்லாம் சேறு. அந்த நாட்களில் மச்சான் ஒரு தடவை வந்து அறையை அளந்துவிட்டுப் போனார். அன்னபுஷ்பம் அம்மாவின் பாத்திரங்களைத் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் போட ஆரம்பித்திருந்தாள். கண்ணப்பன் அவள் அறைப் பக்கம் வந்தால் எதையாவது பழுது பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுவான். கோவிந்தம்மாதான் இருவருக்கும் சேர்த்துப் பேசினாள்.

ஒரு நாள் ராஜாமணி நனைந்த குடையோடு நேராக அந்த அறைக்கே வந்தார். சட்டைக்குள்ளிருந்து ஒரு கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"பாரும்மா."

அவளுக்குக் கை வரவில்லை. "நீங்களே சொல்லுங்க சார்."

"எனக்கென்ன தெரியும்? எனக்குக் கேழ்வரகு கொட்டின மாதிரி இருக்கு."

அவள் படத்தை எடுத்தாள். வெள்ளைத் தாளில் கறுப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றும் உருண்டை. ஒன்று மற்றதைப்போல. அவள் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை விரல் வைத்துக்கொண்டே போனாள். ஒரு கொட்டைப்பாக்குக்கூட இல்லை.

"அந்த ஆளு என்ன கேட்டான் தெரியுமா? எந்த ஊர்லருந்து வரவழைச்சீங்கன்னான். படப்பை தாண்டின்னேன். நம்பல." ராஜாமணி மூக்கை உறிஞ்சினார், மழையாலா என்று சொல்ல முடியாது. "மச்சானை அவன் வூட்டு வாசல்ல அடுக்கிக்கச் சொல்லிட்டேன் டிரம்மை. நீ போய் உன் அண்ணனுக்கு போன் பண்ணு. என் ரூம்லருந்தே பண்ணு. வர மாட்டேன்னு சொல்லு."

டிரங்க் கால் கிடைக்க மத்தியானம் ஆகிவிட்டது. முதலாளி அறையில் கண்ணப்பன் ஸ்டூல்மேல் நின்று ஃபேனைக் கழற்றிக்கொண்டிருந்தான். அந்த மழையில் ஃபேனுக்கு என்ன அவசரம் என்று யாரும் கேட்கவில்லை. மணி அடித்ததும் அவள் போனை எடுத்தாள்.

"ஹலோ, அண்ணா! அன்னம் பேசறேன்! கேக்குதா? ...வந்துடுச்சுண்ணா! எல்லாம் ஒரே அளவு! ...ஆமா! ரூமை மூடல!"

அந்தப் பக்கத்துக் குரல் இரைச்சலைத் தாண்டி அறைக்குள்ளேயே கேட்டது. "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! ரொம்பச் சந்தோஷம்மா! அப்போ நீ வரல?"

"வரலண்ணா."

"வேலை சரிதான். ஆனா வீட்டுல யாரு இருக்கா? நாளைக்கு ஒரு காய்ச்சல் தலைவலின்னா அங்க உனக்குன்னு யாரு இருக்கா அன்னம்?"

அவள் ரிசீவரைக் காதில் வைத்தபடியே நிமிர்ந்து ஸ்டூலைப் பார்த்தாள். மேலே ஸ்குரு டிரைவர் நின்றுவிட்டிருந்தது.

"ஹலோ? லைன்ல இருக்கியா?"

"இருக்கேண்ணா. இங்க கண்ணப்பன்னு ஒருத்தர் இருக்கார். நம்ம கம்பெனி எலெக்ட்ரீஷியன். உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்ங்கறார்."

ஸ்டூல் ஆடியது.

"நான் எப்போ மேடம் சொன்னேன்?"

"இன்னும் சொல்லல. நீங்க சொல்றதுக்குள்ள லைன் கட்டாயிடும். எறங்குங்க."

"மேடம், கை எல்லாம் கிரீஸு."

"பரவால்ல. அன்னபுஷ்பம்னு கூப்பிட்டுப் பழகிக்கிட்டே எறங்குங்க."

அவன் இறங்கினான். கையைச் சட்டையில் துடைத்தான், மறுபடி துடைத்தான், ரிசீவரை இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்தான். யாரும் பார்க்க முடியாத அந்தத் தூரத்துக்குத் தலை குனிந்து ஒரு கும்பிடு போட்டான்.

"வணக்கம் சார். கண்ணப்பன் பேசறேன். வடக்குப்பட்டு."

"சொல்லுங்க, என்ன விஷயம்?"

அவன் அவளைப் பார்த்தான். அவள் நகரவில்லை, ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுக்கவில்லை. பக்கத்திலேயே நின்றாள்.

"எனக்கு வயசு முப்பத்தெட்டு சார்," என்று ஆரம்பித்தான்.